ஜெயபாய் சொல்லாத ஆமென்

சாலை, திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமானவரும், பூமியில் என்மேல் அவ்வளவாகப் பிரியமில்லாதவருமான ஜெயபாய் அக்காவுக்கு,

தோத்திரம். இருபத்து மூன்று வருஷம் கழித்துக் கடிதம் எழுதுகிறவன் முதலில் தான் யாரென்று சொல்லிக்கொள்வதுதான் மரியாதை. நான் ஞானசிகாமணி. நம் ஐக்கியத்தின் செயலாளர். நீங்கள் பார்த்தபோது இருந்த தலைமுடியில் முக்கால் பங்கு போய்விட்டது. அதே எடைக்கு வயிறு வந்து சேர்ந்ததால் மொத்தத்தில் எனக்கு நஷ்டமில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் அதே நாற்காலி. சபைப் பத்திரிகையில் மாதாமாதம் நகைச்சுவை என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். அதைப் படித்து இதுவரை சிரித்தவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது நான் ஒருவன்தான்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது என்று கேள்விப்பட்டேன். ரேஞ்ச் இருந்தாலும் என் அழைப்பை நீங்கள் எடுப்பீர்களா என்பது வேறு விஷயம். அதனால்தான் தபால்.

வருகிற நவம்பரில் கிறிஸ்தவ இளைஞர் ஐக்கியத்தின் திருவனந்தபுரம் தமிழ்க் கிளைக்கு எழுபத்தைந்து வயது. வரலாறு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். முடி இல்லாத தலை என்பதால் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும். ஒரு மாதமாகப் பழைய கூட்டக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1949இல் சாலைக் கடைத்தெருவில் ஒரு கொப்பரைக் கிடங்கு மாடியில் ஏழு பேர் கூடியிருக்கிறார்கள். ரயில்வே குமாஸ்தா ஒருவர், தையல்காரர் ஒருவர், ஒரு நர்ஸ், இப்படி. ஏழு பேரும் நான்கு சபைக்காரர்கள். ஒருவருக்குப் பாட்டுக்குத் தம்பூர் வேண்டும், இன்னொருவருக்கு மேளம் வேண்டும், மூன்றாமவருக்குக் கைதட்டினாலே பாவம். முதல் மூன்று கூட்டமும் சண்டையில் முடிந்திருக்கிறது.

நாலாவது கூட்டத்தில்தான் அந்த நர்ஸ் அம்மாள் நம் புகழ்பெற்ற வழக்கத்தைக் கண்டுபிடித்தார். தீர்மானத்துக்கு மறுப்பு உள்ளவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் ஜெபிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கை தூக்குவார்கள். பிறகு வெளியே போனவர் திரும்பி வந்து ‘ஆமென்’ சொன்னால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதலாம். ஆமென் இல்லையென்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். எழுபத்தைந்து வருஷம் நம் இராப்பள்ளி, ஹாஸ்டல், ரத்ததானப் பட்டியல் எல்லாம் இப்படித்தான் நடந்தன. குறிப்பேட்டில் எதிர்ப்பு என்ற சொல்லே கிடையாது. நாக்பூர் தேசிய அலுவலகத்துக்கு இதை எழுதினேன். நாடு முழுவதும் வேறெந்தக் கிளைக்கும் இந்தப் பெருமை இல்லை என்று புளகாங்கிதம் அடைந்து பதில் போட்டிருக்கிறார்கள்.

விழா மலருக்குப் போனக்காடு பாடசாலை நாட்களைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பழைய கோபத்தையெல்லாம் கர்த்தரிடம் விட்டுவிடுங்கள். அவருக்கு என்னைத் தெரியும்.

இன்னொரு சங்கதி. அங்கே பாடசாலை நடந்த நம் முகாம் வீடு பூட்டிக் கிடக்கிறது அல்லவா, அதை, மலையில் பாழடைந்து கிடக்கும் பேய் பங்களாவைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஹோம்ஸ்டேயாக எடுக்க சிலர் வந்து கேட்டிருக்கிறார்கள். ஜூலையில் முடிவு செய்வோம். சும்மா இருக்கும் கட்டடம்தானே.

உங்கள் அன்புத் தம்பி,
ஞானசிகாமணி


போனக்காடு
12 ஜூன் 2024

சிகாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

பழைய குறிப்புகளைப் படித்ததாக எழுதியிருக்கிறாய். 14 ஜூலை 2001 தேதியிட்ட பக்கத்தையும் படித்திருப்பாய். அது உன் கையெழுத்துதான். போனக்காடு பாடசாலையை மூடுவது என்ற தீர்மானத்துக்கு நான் வராந்தாவுக்கு அனுப்பப்பட்டேன். அதன் அடியில் ‘சகோதரி ஜெயபாய் ஆமென் சொன்னார்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாரோ நகல் காட்டினார்கள். நான் சொல்லவில்லை. சொல்ல அங்கே நான் இல்லவே இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, தம்பானூருக்கு நடந்துபோய் விதுரா பஸ் ஏறிவிட்டேன்.

முகாம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் அங்கன்வாடி வேலை முடிந்ததும் தினமும் திறக்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பதினாலு பேர் விதுரா பள்ளிக்கூடத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து நேரே இங்கேதான் இறங்குகிறார்கள். லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் ஒழுகுகிறது. நனையாமல் நோட்டைத் திறந்து வைக்க இந்த மலையில் இருப்பது இந்த ஒரு ஹால்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளத்தில் படிக்கிறார்கள், இங்கே வந்து கணக்கும் தமிழும் படிக்கிறார்கள். ஒரு நாள் நின்றதில்லை. தேயிலைத் தொழிற்சாலை நின்ற வருஷம்கூட.

ஹாலை ஹோம்ஸ்டேக்குக் கொடுத்தால் இவர்களை எங்கே உட்கார வைப்பேன் என்பதை மட்டும் யோசித்து எழுது.

மலருக்கு என்னிடம் பக்கம் இல்லை.

ஜெயபாய்


சாலை
21 ஜூன் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து நாற்காலி உமாசங்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் தவறிப்போனார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

சாக்கு சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு தாள் சாக்காகவே எழுதிக் கிழித்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, செயலாளராகி இரண்டு மாதம், பயம், இத்யாதி. எல்லாம் உண்மைதான், ஆனால் படிக்கும்போது எனக்கே என்மேல் இரக்கம் வராத அளவுக்கு இருந்தது.

நடந்தது இதுதான். நீங்கள் வெளியே போனீர்கள். மலையில் பாதிக் குடும்பங்கள் இறங்கிவிட்டன, மிச்சமிருக்கிற நாலு பிள்ளைகளுக்காக ஓர் ஆளைப் போட முடியாது என்று திரவியம் அண்ணன் சொன்னார். அப்போதும் அவர்தான் தலைவர். எல்லாரும் கை தூக்கினார்கள், நானும். ‘ஜெயபாயைக் கூப்பிடுடே’ என்றார். வராந்தாவுக்கு வந்தேன். ஆள் இல்லை. ஒரு நிமிஷம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மற்ற ஏழு பேரும் குடையைக் கையில் எடுத்தாயிற்று. ஆமென் இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். நான் உள்ளே போய், ‘ஆமென் சொல்லியாச்சு அண்ணே, அழுதுகிட்டிருக்காங்க, அதான் உள்ள வரல’ என்றேன். எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். உங்களை அழ வைத்ததும் நான்தான், குறிப்பேட்டில் எழுதாமலே.

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கற்பனைக் கதை அதுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு எழுதிய எதுவும் அவ்வளவு நம்பும்படியாக அமையவில்லை.

இப்போது நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐக்கியத்தின் சட்டப்படி ஒரு கட்டடத்தில் இருபது வருஷம் வேலை நின்றுபோயிருந்தால் நாக்பூர் அனுமதியோடு கிளை அதை வாடகைக்கு விடலாம். 2001 தீர்மானத்தை நான் ஒழுங்காக எழுதியிருந்தால் வேலை நின்றதாகவே ஆகியிருக்காது. என் ஒரு வரியால் முகாம் வீடு காகிதத்தில் செத்துக் கிடக்கிறது. இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை அக்கா, அதுதான் சிக்கல். நம் சாலை ஹாஸ்டலில் இப்போது பதினெட்டுப் பையன்கள். தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். கூரை ஒழுகி, பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹோம்ஸ்டே வாடகையில் அந்தக் கூரையை மாற்றலாம் என்பது திரவியம் அண்ணனின் எண்ணம். பொருளாளர் விஜின் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற பையன், கையில் லேப்டாப், வாயில் திட்டம். அவனும் அப்படித்தான் சொல்கிறான்.

கூட்டம் ஜூலை 13, சனிக்கிழமை. கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்டாக வேண்டும். நீங்கள் நடத்துவது ஐக்கியத்தின் பாடசாலைதான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா? உங்கள் சொந்த டியூஷன் என்று ஆகிவிட்டால் சட்டப்படி அது கணக்கில் வராது. முடிந்தால் நீங்களே நேரில் வந்துவிடுங்கள்.

ஞானசிகாமணி


போனக்காடு
1 ஜூலை 2024

சிகாமணிக்கு,

அத்தாட்சி என்று படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடத்தான் போனேன். விறகு ஈரமாக இருந்ததால் உன் கடிதம் பிழைத்தது. பிறகு முழுதும் படித்தேன்.

மழையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாய் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு இதுவரை தெரியாது. நீ உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாய் என்றே நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம் என்றாலும் நின்றிருக்கிறாய்.

விதுரா பஸ் கண்டக்டர் லிங்கம் வெள்ளிக்கிழமை தம்பானூருக்கு வருவார். அவரிடம் ஓர் அரிசிச் சாக்கு கொடுத்து விடுகிறேன். உள்ளே பிள்ளைகளின் வருகையைக் குறித்த ஹாஜர் புத்தகம் இருபத்து மூன்று இருக்கிறது, வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார். ‘கிறிஸ்தவ இளைஞர் ஐக்கியம், திருவனந்தபுரம் தமிழ்க் கிளை, போனக்காடு பாடசாலை.’ அத்தாட்சி வேண்டும் என்று எழுதவில்லை. நான் பதினாறு வயதில் இதே ஹாலில் முகாமுக்கு வந்தவள். கொழுந்து பறிக்கிறவள் மகளை மேடையில் ஏற்றி வேதபாடம் வாசிக்க வைத்தது ஐக்கியம்தான். பிறகு டீச்சர் பயிற்சிக்கு மனு எழுதித் தந்ததும் அதுதான். எனக்குக் கோபம் உங்கள் எட்டுப் பேர்மேல்தான். நான் ராஜினாமா கொடுக்கவில்லையே, பிறகு வேறு என்ன பெயர் போடுவது?

அம்மிணி வருஷா வருஷம் கேட்பாள். அவள் இங்கே லயத்தில் இருப்பவள், ஹாலைக் கூட்டிச் சுத்தம் செய்வாள். ‘டீச்சரே, அவங்க உங்களை மறந்தாச்சு. இனியும் எதுக்கு அவங்க பேரு?’ என்பாள். சாணித்தாள் வாங்கி அட்டை போடுவேன், பேர் எழுதுவேன், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு வர மாட்டேன். நான் ஆமென் சொன்னதாக எழுதியிருக்கிற வரை உங்கள் கூட்ட ஹாலுக்குள் நுழைய எனக்கு வழி இல்லை. நீ ஒன்று செய். அந்தப் பக்கத்தை எல்லார் முன்னாலும் வாசி. வாசித்துவிட்டு, இது நான் எழுதிய பொய் என்று சொல். உன் வழக்கப்படி கிண்டல் எதுவும் சேர்க்காமல் சொல்ல வேண்டும். உன்னால் முடியுமா என்று தெரியவில்லை.

சாக்கைத் திருப்பி அனுப்பு. ஆகஸ்டில் குடம்புளி கட்ட வேண்டும்.

ஜெயபாய்


சாலை
15 ஜூலை 2024

அக்கா,

சாக்கு வந்தது. தம்பானூரிலிருந்து தலையில் சுமந்து ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். பொன்னி அரிசியா, கிலோ என்ன விலை என்று நாலு பேர் கேட்டார்கள். மேஜைக்கடியில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். புகையும் தேயிலையும் கலந்த வாசனை. மேல்வரி இருபத்து மூன்று தடவையும் அதே எழுத்து. 2001ஆம் வருஷப் புத்தகத்தில் ஜூலை 16, திங்கட்கிழமை, ஒன்பது பேர் ஹாஜர். சனிக்கிழமை மூடிய பாடசாலையைத் திங்கட்கிழமை திறந்திருக்கிறீர்கள். அன்று வேலை எதுவும் ஓடவில்லை. என் மேஜைக்கு வந்த ஒரு பாலிசிக்காரர் தன் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒன்பது பேரும் வந்திருந்தோம். முகாம் வீடு விஷயம் வந்ததும் எழுந்து குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தேன். ‘இதை நான் பொய்யாக எழுதினேன், ஜெயபாய் அக்கா ஆமென் சொல்லவில்லை’ என்றேன். கிண்டல் ஒன்றும் சேர்க்கவில்லை, ஆணையாக.

எல்லாரும் சிரித்தார்கள்.

இருபது வருஷமாக அவர்களைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டிருக்கிறேன், முடிந்ததில்லை. அன்று மட்டும் அப்படிச் சிரித்தார்கள். விஜின் நேந்திரங்காய் சிப்ஸ் புரையேறி இருமினான். மறுபடியும் அதையே சொன்னேன், இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை வாயைத் திறக்காமல் குறிப்பேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். அப்போதுதான் ஸ்வப்னா சாயாக் கிளாஸைக் கீழே வைத்தாள். நம் ரத்ததானப் பட்டியலைக் கவனிக்கிற நர்ஸ், தமிழைவிட மலையாளம்தான் சரளம். திரவியம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

‘எடே சிகாமணி, தமாஷ் போதும். அந்தப் பிள்ளை நெசமாவே சொல்லலியா?’

‘இல்ல அண்ணே. வராந்தாவுல ஆளே இல்ல.’

‘அப்போ எதுக்குடே சொல்லியாச்சுன்னு சொன்ன?’

‘உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு.’

நான் சாக்கை மேஜையில் கவிழ்த்தேன். ஹாஜர் புத்தகங்களை ஆளுக்கொன்றாக எடுத்துப் புரட்டினார்கள். விஜின் லேப்டாப்பை மூடிவிட்டு ஒவ்வொரு வருஷமும் எத்தனை பிள்ளைகள் என்று விரல் விட்டு எண்ணினான். பிறகு அவன் சொன்னது நியாயம்தான். ‘அங்கிள், இது வலிய காரியம்தான், சம்மதிச்சேன். ஆனா ஹாஸ்டல்ல பதினெட்டுப் பேரு நனையுறாங்களே, அவங்களும் நம்ம ஆளுங்கதானே’ என்றான். ஓட்டுக்கு விடுவது என்று ஆயிற்று.

நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. வெளியே மழை. அங்கே கம்பியில் யாரோ ஹாஸ்டல் பையன் லுங்கி காயப்போட்டிருந்தான், அதன் அடியில் நின்றேன். ஜெபிக்கத்தான் வந்திருக்கிறேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கதவு திறந்தது. ஸ்வப்னா வந்து பக்கத்தில் நின்றாள். உள்ளே ஏழு கை தூக்கியிருப்பார்கள். கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை.

கடைசியில் திரவியம் அண்ணனே வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எழுபத்து நாலு வயதில் அவர் அந்த நிலைப்படியைத் தாண்டுவது நானறிந்து இதுதான் முதல் தடவை. தலைவருக்கு மறுப்பு ஏது?

‘உள்ள வாடே. ஒரு ஆமென் சொல்லிட்டுப் போ. சாயா ஆறுது.’

‘சாயா குடிக்கேன் அண்ணே. ஆமென் சொல்ல மாட்டேன்.’

ஸ்வப்னாவைப் பார்த்தார். ‘எனிக்கும் முடியாது சாரே’ என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, லுங்கியைப் பார்த்தார். ‘அன்னைக்கும் மழைல்லா பெஞ்சுது’ என்றார். பிறகு உள்ளே போய், விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, அதற்குள் தலைவர் போனக்காடு போய்ப் பார்ப்பார் என்று அறிவித்தார். நாக்பூரிலிருந்து வருகிற மேற்பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு ஜூலை 27, சனிக்கிழமை வருகிறார். தயவு செய்து அண்ணனை நன்றாக நடத்துங்கள். மலைப்பாதை வளைவுகள் அவருக்கு ஆகாது, எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்திருங்கள். ஹால் நிலைப்பதும் போவதும் இப்போது அவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

என்னை அவர் கூட்டிக்கொண்டு வரப்போவதில்லை. ‘நீ வந்தா கதை சொல்லுவ’ என்றார். மறுக்க முடியவில்லை.

ஞானசிகாமணி


போனக்காடு
28 ஜூலை 2024

சிகாமணிக்கு,

நேற்று வந்தார்கள். எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. நாக்பூர்க்காரர் நன்றாகவே இருந்தார். அண்ணன்தான் ஜீப்பை விட்டு இறங்கியதும் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழும்பவில்லை. அம்மிணி பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். பேய் பங்களாவுக்கு வழி கேட்டு வந்த இரண்டு பையன்கள் அவரைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதை உன் பத்திரிகையில் போடாதே.

நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தமிழ் வகுப்பு, அதை நடத்தினேன். அண்ணன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் கைக்குழந்தைகளோடு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மழை என்றால் எப்போதும் அப்படித்தான். நாக்பூர்க்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார், பிள்ளைகளை எண்ணினார், தன் தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, ‘வேலை நடக்குன்னு மட்டும் எழுதினா போதாது, ஒரு நாளும் நின்னது இல்லைன்னு எழுதும்’ என்றார். அவர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷச் சட்டம் இனி இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது, யாரும் வாடகைக்கு விட முடியாது என்று அவரே விளக்கினார். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அந்தப் பாடத்தை நடத்த முடியவில்லை. பிள்ளைகளிடம் நோட்டை மூடிப் பாடச் சொல்லிவிட்டேன்.

மழை விட்டதும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்பு என்று பெரிதாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உனக்கே தெரியும். ‘அன்னைக்கு உன்னைக் கூப்பிட நான்தான் எழும்பியிருக்கணும். சின்னவனை விட்டேன்’ என்றார். ‘அவன் உள்ள வந்து சொன்னப்போ எனக்குச் சந்தேகம் உண்டு பிள்ளே. நீ அழுற ஆளா? ஆனா நானும் குடையை எடுத்தாச்சு.’

நான் ‘சரி அண்ணே’ என்றேன். வேறென்ன சொல்வது? இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் நல்ல நீளம். அந்தப் படியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை.

பழைய பக்கத்தை அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன் பொய் அப்படியே இருக்கட்டும், அதன் அடியில் உண்மையை எழுதி நீ கையெழுத்துப் போடு. வருங்காலத்தில் வரலாறு எழுதுகிறவனுக்கு இரண்டும் கிடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதிக் கூட்டத்துக்கு வருகிறேன். காலை பஸ். ஹாஸ்டல் கூரையைப் பற்றி அண்ணன் ஜீப்பில் ஏறும்போது ஒரு யோசனை சொன்னார், அந்தப் பையன்களை ஆறு மாதத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாமாம். வெளியே என்றால் எங்கே? அந்தப் பையன்களை யாராவது கேட்டீர்களா? எனக்கு அதில் சம்மதமில்லை. உங்கள் ஒன்பது பேருக்கும் என் பேச்சு பிடிக்கப் போவதில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். எழுதிக்கொள்.

ஜெயபாய்